மூட்டு வலியும் எலும்பு வலுவும்: டர்பன் வீடுகளில் அம்மாக்களும் ஆயாக்களும் கேட்கும் கேள்விகள்

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்காகவும், அவர்களை கிளினிக்குக்கு அழைத்துப் போகும் பிள்ளைகளுக்காகவும் எழுதியது. மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, அளவை மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான்.

"எலும்பு தேஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். அது ஆர்த்ரைட்டிஸா, எலும்புப்புரையா?

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொல்தான். முழங்காலில் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தாலும் "எலும்புத் தேய்மானம்" என்கிறோம். எலும்பே உள்ளுக்குள் பொத்தலாகி மெலிந்தாலும் அதே பெயரைச் சொல்கிறோம். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது மூட்டுத் தேய்மானம். அது வலிக்கும், வீங்கும், படியேற விடாது. இரண்டாவது எலும்புப்புரை, ஓர் எலும்பு முறிகிற நாள் வரை அது பெரும்பாலும் ஒரு சத்தமும் போடாது. அதனால்தான் வீட்டில் எல்லாரும் வலிக்கிற முழங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், உடைவது இடுப்பாக இருக்கும்.

பெயர் குழம்பினால் மருந்தும் குழம்பும். முழங்கால் வலிக்கு கால்சியம் மாத்திரை வாங்கித் தின்று, "ஆறு மாசமாச்சு, வலி குறையல" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம். கால்சியம் குருத்தெலும்பை வளர்க்காது. அதன் வேலை வேறு. டாக்டரிடம் ஒரே கேள்வியாகக் கேளுங்கள்: "தேய்ந்தது மூட்டா, எலும்பா?"

என் வலி எந்த வகை ஆர்த்ரைட்டிஸ் என்று எப்படித் தெரியும்?

வகைகள் நிறைய. எலும்பு வலுவைப் பொறுத்தவரை இரண்டைப் பிரித்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும்.

மூட்டுத் தேய்மானத்தில் காலையில் எழுந்ததும் இருக்கும் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுப்போகும். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முழங்கால், இடுப்பு, கட்டைவிரலின் அடி, நகத்தை ஒட்டிய விரல் கணு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். நகத்தருகே கொட்டை கொட்டையாக முடிச்சு விழுந்திருந்தால் பெரும்பாலும் இதுதான்.

முடக்குவாதம், அதாவது ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ், உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்த மூட்டையே தாக்குகிற நோய். காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். இரண்டு மணிக்கட்டும், விரல் உள்ளங்கையோடு சேரும் கணுக்களும் சோடியாக வீங்கும். தொட்டால் வெதுவெதுப்பாக, அழுத்தினால் பஞ்சுபோல இருக்கும். கூடவே அசதி, எடைக்குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும். ருமட்டாயிட் ஃபாக்டர், ஆன்டி-சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகள் துணைசெய்யும். ஆனால் ருமட்டாயிட் ஃபாக்டர் இல்லாமலும் முடக்குவாதம் இருக்கலாம். வீக்கம் ஆறு வாரத்தைத் தாண்டினால் வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாதீர்கள்.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு எலும்பு கெட்டியாகத்தான் இருக்குமாமே?

பாதி உண்மை. மூட்டுத் தேய்மானம் உள்ள பெண்களுக்குச் சராசரியாக எலும்பு அடர்த்தி சற்றுக் கூடுதலாகவே அளவாகிறது. உடல் எடை கூடுதலாக இருப்பது ஒரு காரணம். ஆனால் அடர்த்தி கூடுதல் என்பதற்காக முறிவு அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. ஏன்? வலிக்கிற காலை ஊன்றாமல் தவிர்ப்பதால் தொடைத் தசை வற்றும். முழங்கால் திடீரென்று மடங்கும். நடை தள்ளாடும், விழுவார்கள். இடுப்பு முறிய எலும்பின் பலவீனம் மட்டும் பெரும்பாலும் போதாது, ஒரு விழுகையும் வேண்டும். மூட்டுத் தேய்மானம் அந்த விழுகையைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

இன்னொன்று, அந்த "கூடுதல் அடர்த்தி"யில் ஒரு பகுதி அளவுக் கோளாறு. அதை ஸ்கேன் பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

முடக்குவாதம் எலும்பை எப்படி அரிக்கிறது?

எலும்பு ஓயாமல் இடிந்து கட்டப்படும் வீடு. இடிக்கும் அணுக்களும் கட்டும் அணுக்களும் சம வேகத்தில் வேலை செய்யும்வரை வீடு நிற்கும். முடக்குவாதத்தின் அழற்சிப் பொருள்கள் இடிக்கும் அணுக்களை உசுப்பி, கட்டுவோரை மந்தமாக்குகின்றன. முதலில் வீங்கிய மூட்டை ஒட்டிய எலும்பு மெலியும். நோய் அடங்காமல் இருந்தால் முதுகெலும்பும் இடுப்பும் சேர்ந்து மெலியும். மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதாலும் இதே இடிப்பு வேகம் கூடும். முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மட்டும் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடலாம். இரண்டும் ஒரே வயதில் ஒரே உடம்பில் கூடுவதுதான் ஆபத்து. முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இடுப்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு.

ஆகவே நோயை அடக்கும் மருந்தே முதல் எலும்பு மருந்து. மெத்தோட்ரெக்சேட் பரவலாகக் கொடுக்கப்படுவது. அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் இரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்து. கிழமையைப் பெட்டியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: "வெள்ளி மட்டும்". கூடவே தரும் ஃபோலிக் ஆசிடை விட்டுவிடாதீர்கள்.

பிரெட்னிசோன் எடுத்தால்தான் கை அசைகிறது. அது எலும்பைக் கெடுக்குமாமே?

கெடுக்கும், அதுவும் சீக்கிரம். பிரெட்னிசோன் ஒரு ஸ்டீராய்டு. இழப்பு மிக வேகமாக நடப்பது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில். தினம் 5 மி.கி. என்ற சின்ன அளவுகூட மூன்று மாதத்தைத் தாண்டினால் முறிவு அபாயக் கணக்கில் சேரும். 7.5 மி.கி.க்கு மேல் போனால் அபாயம் தெளிவாக ஏறும். மூன்று மாதம் அல்லது மேல் ஓடப்போகிறது என்றால், தொடங்கும் நாளிலேயே "எலும்புக்கு என்ன பாதுகாப்பு?" என்று கேளுங்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் நேரம் போய்விட்டிருக்கும்.

பயந்துபோய் நீங்களாகவே நிறுத்தாதீர்கள். சில வாரங்கள் எடுத்தாலே உடலின் சொந்த ஸ்டீராய்டு உற்பத்தி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

கணக்கில் வராமல் நுழையும் ஸ்டீராய்டும் உண்டு. "ஒரு ஊசி போட்டால் மூணு வாரம் சுகம்" என்று இடுப்பில் போடும் ஊசி பல நேரம் ஸ்டீராய்டுதான். அது உடல் முழுக்கப் பாயும். போட்ட தேதியையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். முழங்கால் மூட்டுக்குள் எப்போதாவது போடும் ஊசியை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டியதில்லை. லேபிள் இல்லாத "மூலிகை வாத மாத்திரை" இரண்டே நாளில் அற்புதமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். உலகம் முழுக்க அத்தகைய பொட்டலங்களில் மறைத்துக் கலந்த ஸ்டீராய்டு பிடிபட்டிருக்கிறது. வேர் எதுவும் இரண்டு நாளில் வீக்கத்தை வற்றவைக்காது.

டெக்ஸா ஸ்கேனில் என்ன பார்ப்பார்கள்? ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

டெக்ஸா என்பது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். மேசையில் மல்லாந்து படுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி இல்லை, குழாய்க்குள் போவதில்லை, கதிர்வீச்சு மிகக் குறைவு. அன்று காலை கால்சியம் மாத்திரை வேண்டாம். அண்மையில் பேரியம் குடித்தோ சாயம் ஏற்றியோ வேறு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஓரிரு வாரம் தள்ளிவைப்பார்கள். ஊக்கு, தாலிக்கொடி, ஜிப் உள்ள பாவாடை எதுவும் படத்தில் விழக்கூடாது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய எண் டி-ஸ்கோர். இளம் வயதுப் பெண்ணின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகியிருக்கிறீர்கள் என்பது அது. -1 அல்லது மேல் என்றால் இயல்பு. -1க்கும் -2.5க்கும் இடையில் என்றால் எலும்பு மெலிவு. -2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை. உயரத்திலிருந்து அல்ல, நின்ற நிலையிலிருந்து விழுந்தே இடுப்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், எண் என்னவானாலும் அது எலும்புப்புரைதான்.

இனி மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கான பொறி. வயதான முதுகெலும்பில் ஓரங்களில் எலும்பு முள் வளரும். வயிற்றுப் பெருந்தமனியில் சுண்ணாம்பு படியும். கருவி இவற்றையும் சேர்த்தே எடைபோடும். உள்ளே எலும்பு பொத்தலாக இருக்க, முதுகு எண் "-0.8, நார்மல்" என்று வரும். நசுங்கிய முதுகெலும்பும் அப்படித்தான், நசுங்கினாலே அடர்த்தி கூடித் தெரியும். ஆகவே 65ஐத் தாண்டியவர்கள் இடுப்பு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். முதுகு -0.5, தொடை எலும்புக் கழுத்து -2.6 என்று வந்தால் நம்ப வேண்டியது இரண்டாவதை. நல்ல ரிப்போர்ட்டில் கீழ்முதுகின் நான்கு எலும்புகளின் எண்ணும் தனித்தனியாக இருக்கும். ஒன்று மட்டும் பக்கத்து எலும்பைவிட 1க்கு மேல் எகிறியிருந்தால் அதை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். இரு இடுப்பிலும் செயற்கை மூட்டு இருந்தால் முன்கையை அளப்பார்கள்.

அடுத்த ஸ்கேன் அதே கருவியில், பெரும்பாலும் இரண்டு வருடம் கழித்து. வேறு மையத்தில் எடுத்த எண்ணோடு ஒப்பிட்டு "கூடிடுச்சு, குறைஞ்சிடுச்சு" என்பது வீண்.

இதற்கெல்லாம் மெடிக்கல் எய்ட் கொடுக்குமா?

தென்னாப்பிரிக்காவில் எல்லா மெடிக்கல் எய்டும், அதாவது மருத்துவக் காப்பீடும், கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் முடக்குவாதம் இருக்கிறது. எலும்புப்புரை இல்லை, மூட்டுத் தேய்மானமும் இல்லை. உடைந்த இடுப்புக்கான அறுவை கட்டாயப் பலன்களில் அடங்கும். உடையாமல் காக்கும் மாத்திரைக்கு உங்கள் பிளானைப் பொறுத்துச் சேமிப்புக் கணக்கிலிருந்து போகலாம். விசித்திரமான ஏற்பாடு, ஆனால் நிலை அதுதான். முடக்குவாதம் உறுதியானவர்கள் டாக்டரிடம் சொல்லி அந்த நோயைப் பதிவு செய்யுங்கள். மூட்டு நோய் டாக்டரான ருமட்டாலஜிஸ்ட் வருகையும் இரத்தப் பரிசோதனையும் அந்தக் கணக்கில் வர வாய்ப்புண்டு. டெக்ஸாவுக்குப் போகுமுன் போன் செய்து அனுமதி எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு கிளினிக்கில் டெக்ஸா கருவி இருக்காது, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வேண்டும். முதியோர் கிரான்ட் வாங்குகிறவர்களுக்கு அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை. வரிசைதான் நீளம். அதுவரை சாதாரண முதுகு எக்ஸ்ரே ஒன்று எடுத்தாலே பழைய நசுங்கல் முறிவு தெரிந்துவிடும்.

மகள் ஃப்ராக்ஸ் என்ற கணக்குப் பெட்டியை போனில் அனுப்பினாள். நாமே போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். 40 முதல் 90 வயது வரை, அடுத்த பத்து வருடத்தில் முறிவு வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும். நாட்டைத் தென்னாப்பிரிக்கா என்று தேர்ந்தெடுங்கள். பலர் தவறுவது "ருமட்டாயிட் ஆர்த்ரைட்டிஸ்" என்ற கட்டத்தில். முழங்கால் தேய்மானத்துக்கு அங்கே "ஆம்" போட்டால் எண் தவறாக எகிறும். டாக்டர் உறுதிசெய்த முடக்குவாதத்துக்கு மட்டும்தான் அந்தக் கட்டம். சர்க்கரை நோய்க்கு அதில் தனிக் கட்டம் இல்லாததால், இரண்டாம் வகை சர்க்கரை உள்ளவர்களுக்கு அபாயத்தைத் தோராயமாகக் கூட்டிக்காட்ட அந்த முடக்குவாதக் கட்டத்தையே டாக்டர்கள் சிலர் பயன்படுத்துவதும் உண்டு. அந்த வேலையை டாக்டரிடமே விடுங்கள்.

சர்க்கரைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

நம் சமூகத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சர்க்கரை இருப்பதால் இது முக்கியம். இரண்டாம் வகை சர்க்கரையில் எலும்பு அடர்த்தி இயல்பாகவோ கூடுதலாகவோ அளவாகும், ஆனாலும் முறிவு அதிகம். எலும்பின் அளவு இருக்கிறது, தரம் இல்லை. பாதம் மரத்துப்போவது, கண் மங்குவது, இன்சுலின் அதிகமாகி இரவில் சர்க்கரை தாழ்வது என்று விழவைக்கும் காரணங்களும் கூடவே நிற்கும். மூட்டுத் தேய்மானமும் சர்க்கரையும் சேர்ந்தவருக்கு "நார்மல்" ஸ்கேன் என்பது அரைகுறை ஆறுதல்.

உயரம் குறைந்துவிட்டது. வயசு ஆனால் அப்படித்தானே?

கொஞ்சம் குறைவது வயசு. இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்தால் முதுகு எக்ஸ்ரே வேண்டும். முதுகெலும்பு நசுங்கல்களில் பெரும்பாலானவை யாருக்கும் தெரியாமலே நடக்கின்றன, "பழைய வாத வலி" என்று கடந்துவிடுகிறோம். சுவரில் முதுகையும் குதிகாலையும் ஒட்டி நின்று பாருங்கள். பின்தலை சுவரைத் தொடவில்லை என்றால் அதுவும் ஒரு குறி.

கால்சியம் சாப்பாட்டிலிருந்தே கிடைக்குமா?

50ஐத் தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. வேண்டும், சாப்பாடும் மாத்திரையும் சேர்த்து. ஒரு கப் பால், 250 மி.லி., சுமார் 300 மி.கி. தரும். அதே அளவு மாஸ், அதாவது புளித்த பால், அதே கணக்கு. பால் குடித்தால் வயிறு உப்பும் ஆயாக்களுக்கு மாஸ் ஒத்துக்கொள்ளும். தீப்பெட்டி அளவு செடர் சீஸ், 30 கிராம், சுமார் 200. டின் மீன் கறி வைத்தால் முள்ளை எடுத்து எறியாதீர்கள். அந்த மெத்தென்ற முள்ளில்தான் கால்சியம், 100 கிராம் மீனுக்கு 250 மி.கி. அளவில். புரட்டாசியில் மீன் நின்றுவிடும்போது அந்தக் கணக்கை மாஸாலும் தயிராலும் ஈடுகட்டுங்கள்.

கூழ் விஷயத்தில் கப்பல் நமக்கு ஒரு நட்டம் செய்தது. ஊரில் மாரியம்மன் கூழ் கேழ்வரகு. 100 கிராம் மாவில் கால்சியம் 340 மி.கி.க்கு மேல். 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்த பிறகு, இங்கே கூழ் மீலி மாவுக்கு, அதாவது மக்காச்சோள மாவுக்கு, மாறியது. மீலி மாவில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 2003 முதல் அரசு மீலி மாவிலும் ரொட்டி மாவிலும் சத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. இரும்பு, துத்தநாகம், ஃபோலிக் ஆசிட், பி வைட்டமின்கள் எல்லாம் உண்டு, கால்சியம் அதில் இல்லை. வீட்டுக் கூழில் பாதிக்குப் பாதி கேழ்வரகு மாவு கலந்தால் சுவையும் கெடாது. கீரைகளில் முருங்கை நல்லது. பசலையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதை எண்ணி ஏமாறாதீர்கள்.

புரதமும் வேண்டும். கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம்; 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். காலையில் டீயும் ரஸ்க்கும் மதியம் சோறும் ரசமும் என்று ஓட்டினால் அது வராது. பருப்பு, முட்டை, மீன், பீன்ஸ் தினமும் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்சியம் மாத்திரை எப்போது, எவ்வளவு?

சாப்பாட்டில் குறையும் அளவுக்கு மட்டும். ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் உடல் சரியாக இழுக்காது. லேபிளைக் கவனியுங்கள்: 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட்டில் உண்மையான கால்சியம் 500தான். கார்பனேட்டைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு சிட்ரேட் வகை பொருந்தும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள்.

வைட்டமின் டி தினம் 800 யூனிட் அளவில். டர்பனில் குளிர்காலத்திலும் வெயில் வேலை செய்யும். கையும் காலும் திறந்து இருபது நிமிடம், கறுத்த தோலுக்கு இன்னும் கொஞ்சம். கேப்டவுனில் ஜூன், ஜூலை வெயிலை நம்ப முடியாது. வீட்டை விட்டு இறங்காதவர்களுக்கும் முழுக்கை ரவிக்கைக்காரர்களுக்கும் மாத்திரைதான் வழி.

வாரம் ஒரு எலும்பு மாத்திரை கொடுத்தார்கள். நெஞ்செரிச்சல் தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

பெரும்பாலும் எடுத்த முறைதான் பிழை. அலெண்ட்ரோனேட் 70 மி.கி. வாரத்துக்கு ஒன்று. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு முழுக் கிளாஸ் குழாய்த் தண்ணீரோடு, மெல்லாமல் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம், படுக்கக் கூடாது, குனிந்து கோலம் போடவும் கூடாது. டீ, காபி, பால், மற்ற மாத்திரை எதுவும் அந்த அரை மணியில் வேண்டாம். நல்ல முறையில் எடுத்தாலே மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. காபியோடு எடுத்தால் அதிலும் பாதிக்கு மேல் வீண். அரை வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், எரிச்சல் அங்கிருந்து வருவதே.

மறந்துவிட்டால் மறுநாள் காலை ஒன்று, பிறகு வழக்கமான கிழமை. ஒரே நாளில் இரண்டு கூடாது. முடக்குவாதத்தால் விரல் மடங்காதவர்கள் அட்டையைப் பிரிக்க முதல் நாள் இரவே யாரையாவது உதவச் சொல்லுங்கள். முறையாக எடுத்தும் எரிந்தால், விழுங்கச் சிரமமாக இருந்தால், வருடம் ஒருமுறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரானிக் ஆசிட் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இரண்டும் ஆகாமல் போகலாம், முதலில் இரத்தப் பரிசோதனை.

பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போவது அரிது, ஆனால் உண்டு. சில வருடங்கள் எடுத்த பின் தொடையில் புதிதாக ஆழ்ந்த வலி வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்று டாக்டரிடம் பேசுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் இருப்பவர்கள் தேதியைத் தள்ளிப்போடவே கூடாது. அதை விட்டால் எலும்பு வேகமாகக் கரைந்து, முதுகெலும்பு ஒன்றன்பின் ஒன்றாக நசுங்கலாம். ஊருக்குப் போவதானால் ஊசித் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

வலி மாத்திரைகளால் எலும்புக்குக் கெடுதலா?

நேரடியாகப் பெரிதாக இல்லை, சுற்றிவளைத்து உண்டு. ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபினாக் வயிற்றைப் புண்ணாக்கும் என்று ஒமெப்ரசோல் சேர்ப்பார்கள். அது வருடக்கணக்கில் ஓடினால் முறிவு அபாயம் சற்றுக் கூடுவதாகத் தெரிகிறது. இதைவிட அவசரமான ஆபத்து சிறுநீரகத்துக்கு. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரிலும், சிறுநீரை அதிகம் போகவைக்கும் தண்ணீர் மாத்திரையும் எடுப்பவர் ஐபுப்ரூஃபனையும் சேர்த்தால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தை அடைத்துவிடலாம். வயிற்றுப்போக்கு வந்த நாளில் இன்னும் மோசம். டிராமடால், அமிட்ரிப்டிலின், தூக்க மாத்திரை தலைசுற்றவைத்து இரவில் விழவைக்கும்.

பாராசிட்டமால் 500 மி.கி. இரண்டு, நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் போகாமல் இருப்பது வயதானவர்களுக்கு நல்ல எல்லை. சளி மருந்திலும் கடையில் விற்கும் தலைவலித் தூள்களிலும் அதே மருந்து இருக்கலாம், எண்ணும்போது சேர்த்து எண்ணுங்கள். முழங்காலுக்கும் கைக்கும் டைக்ளோஃபினாக் ஜெல் தடவிப் பார்ப்பது முதல் படியாக இருக்கட்டும்.

மூட்டு வலிக்கும்போது நடந்தால் இன்னும் தேயாதா?

தேயாது. படுத்தே இருந்தால்தான் தசையும் எலும்பும் கரையும். விதி இது: பயிற்சியின்போது லேசான வலி பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முடக்குவாதத்தில் மூட்டு சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் அந்த மூட்டுக்கு ஓய்வு, மற்றவற்றுக்கு வேலை.

கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, நாளுக்கு இரண்டு தடவை. முடியாவிட்டால் ஆசனத்தில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள், வாரம் போகப்போகக் குறையுங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து ஐந்து விநாடி கீழ்நோக்கி அழுத்துவது தொடைத் தசைக்கு. சமையலறை சிங்க்கைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது பத்து முறை. பிறகு ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்துப் பத்து விநாடி நிற்பது. இது விழாமல் காக்கும் பயிற்சி, பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். நீச்சல் குளப் பயிற்சி மூட்டுக்கு இதம். ஆனால் தண்ணீர் உடல் எடையைத் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அது மட்டும் போதாது.

எலும்புப்புரை உறுதியானவர்கள் குனிந்து கால்விரலைத் தொடுவது, குனிந்தபடி திரும்பிப் பாரம் தூக்குவது இரண்டையும் விடுங்கள். தண்ணீர் வாளியை முழங்காலை மடக்கி, உடலோடு ஒட்டித் தூக்குங்கள். எடை குறைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறையும். ஆனால் பட்டினியால் குறைத்தால் எலும்பும் தசையும் சேர்ந்து போகும்.

கைத்தடி எந்தப் பக்கம்?

வலிக்கிற காலுக்கு எதிர்ப் பக்கக் கையில். கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில். அடியிலுள்ள ரப்பர் வழவழப்பாகிவிட்டால் உடனே மாற்றுங்கள். படுக்கையிலிருந்து கழிவறை வரையிலான வழியில் மிதியடி கிடக்கக் கூடாது. கரன்ட் போகும் இரவுகளுக்குச் சார்ஜ் ஏற்றிய விளக்கு கட்டிலில் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க வேண்டும் என்று வேண்டுதல். எடுக்கலாமா?

முதுகெலும்பு நசுங்கியிருந்தாலோ இடுப்பு எண் -2.5க்குக் கீழே இருந்தாலோ, தோளில் காவடியோடு சுற்றி ஆடுவது வேண்டாம். பாரம் மட்டும் பிரச்சினை இல்லை. ஈரப் புல், வெறுங்கால், உபவாசக் களைப்பு, நெரிசல் எல்லாம் ஒரே நேரத்தில் சேரும். அரை லிட்டர் பால் கொண்ட சிறு சொம்பை நெஞ்சோடு அணைத்து, ஒருவர் கையைப் பிடித்தபடி கடைசிச் சுற்று மட்டும் நடப்பது பெரும்பாலோருக்கு ஆகும். தலையில் குடம் வேண்டாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விரத நாட்களின் அளவை முன்னதாகவே கேட்டு வையுங்கள். மெத்தோட்ரெக்சேட், பிரெட்னிசோன் விரதத்திலும் நிற்கக் கூடாது.

முழங்கால் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எலும்பையும் பார்க்க வேண்டுமா?

வேண்டும். மெலிந்த எலும்பில் உலோகத்தைப் பொருத்தினால் அதைச் சுற்றி முறியும் ஆபத்து உண்டு. காத்திருக்கும் மாதங்களில் வைட்டமின் டி-யைச் சரிசெய்து, தொடைத் தசையைத் தயார்செய்தால் அறுவைக்குப் பின் எழுந்து நடப்பது எளிது. முடக்குவாத மருந்துகளில் சிலவற்றை அறுவைக்கு முன் நிறுத்துவார்கள், சிலவற்றை நிறுத்தமாட்டார்கள். பட்டியலை எழுதிக்கொண்டு போங்கள்.

ஆயா விழுந்துவிட்டார். எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

காலை ஊன்ற முடியவில்லை, இடுப்பு மடிப்பில் வலி, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் இடுப்பு முறிவுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி நிறுத்திப் பார்க்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. சில முறிவுகளில் கால் திரும்பாது, தத்தித்தத்தி நடக்கவும் செய்வார்கள். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். வலி தொடர்ந்தால் மறுபடி கூட்டிப் போங்கள். இருமியபோதோ பாத்திரம் தூக்கியபோதோ நடுமுதுகில் திடீரென்று பிடித்த வலியும் அன்றே பார்க்க வேண்டியது. கால் மரத்து, சிறுநீர் வராமல் போனால் அது அந்த நிமிட அவசரம்.

வண்டி வரும்வரை போர்வையால் மூடி, காலை இருந்த நிலையிலேயே தலையணையால் அணைகொடுங்கள். அறுவை தேவைப்படலாம் என்பதால் டீயும் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டாம். மாத்திரைப் பையை முழுசாக எடுத்துப் போங்கள். பிரெட்னிசோன் எடுக்கிறார், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுக்கிறார் என்றால் வாசலிலேயே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள்.